நகம் பார்த்த வருடங்கள்

போன வாரம் ஒரு மத்தியானம் மெர்சி போன் செய்தாள். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்ஸாக இருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். எடுத்த எடுப்பிலேயே குரல் பதறியது.

"அக்கா, ஒரு பிள்ள பார்லர்ல போயி ஒட்டு நகம் வச்சிட்டு வந்து நிக்கா. நேத்து அவ சித்தி மக கல்யாணமாம். பத்து வெரல்லயும் ரோஸ் கலரு, நுனியில கல்லு வேற. போர்மேன் உள்ள விட மாட்டேங்காரு. பிச்சு எடுன்னு கத்துறாரு. இவ அழுறா. பிச்சா சொந்த நகமும் சேந்து வந்துரும் போலக்கா."

"பிக்க விடாதே. வெதுவெதுன்னு தண்ணி வச்சு, சோப்பும் தேங்கா எண்ணெயும் போட்டு ஊற வை. ஓரம் தானா எழும்பும். எழும்புன பெறகு குச்சிய வச்சு நிதானமா நெம்பு."

"அசிட்டோன் வாங்கிட்டு வரச் சொல்லவாக்கா? சீக்கிரம் வந்துரும்."

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள, சட்டுனு தீப்புடிக்கிற அசிட்டோன் பாட்டிலோட நுழைஞ்சேன்னா, அந்தப் பிள்ளைக்கு முன்னால ஒன்னத்தான் வெளிய அனுப்புவாக."

போனை வைத்துவிட்டேன். ஆனால் நகம் முழுசாக வந்ததா, தோல் கிழிந்ததா, அந்தப் பெண்ணை உள்ளே விட்டார்களா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "வந்துருச்சுக்கா, ஒரு கீறல் இல்ல" என்றாள் மெர்சி. பிறகு, "ஒங்களுக்குத் தெரிஞ்சத எழுதி வைங்கக்கா. எங்க படிப்புல நகத்துக்கு அரைப் பக்கம்தான் இருந்துச்சு" என்றாள்.

எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பார்க்க எழுகிறேன், கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க எழுகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து இப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைத்தான் பார்க்கிறேன். ஒரு மனு விஷயமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். காகிதத்தை வாங்கிய பெண்ணின் நகங்கள் வெளுத்து, கரண்டி மாதிரி குழிந்து கிடந்தன. "ரத்தம் டெஸ்ட் பண்ணீகளாம்மா? சோகை இருக்குற மாதிரி தெரியுதே" என்று கேட்டுவிட்டேன். அவள் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "ஒனக்கு எதுக்கு ஊரு நகம்?" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் டாக்டரிடம் போனாளா என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதன் பிறகு சில வருடம் விருதுநகரில் பிரசவ வார்டு. கல்யாணமாகி, வீட்டுக்காரர் சிவகாசி பிரஸ் ஒன்றில் பைண்டிங் வேலை பார்த்ததால், கம்பெனி வேலைக்கு வந்தேன். தீக்காயத்துக்குத்தான் நர்ஸ் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதுவும் இருந்தது. ஆனால் தினமும் என் முன்னால் வந்து நின்றது நகம்தான்.

எங்கள் பக்கத்தில் வெடிக்குப் போடுகிற கலவையையும் மருந்து என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் மருந்து அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் வெள்ளிச் சிலை மாதிரி இருப்பார்கள். குளித்தால் உடம்பு வெளுக்கும். நகத்துக்கு அடியில் போன அலுமினியப் பொடி போகாது. அந்தக் கையால்தான் சோற்றைப் பிசைகிறார்கள், பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். திரி வேலை செய்கிறவர்களுக்கு நகம் உரிந்து ஏடு ஏடாக வரும். பசை வேலை செய்கிறவர்களுக்கு நாள் முழுக்க விரல் ஈரம். நகத்தைச் சுற்றித் தோல் வீங்கிச் சீழ் கட்டும்.

எல்லாருக்கும் வாரம் ஒரு நாள் நகம் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும், மேனேஜர் அறிவிப்புப் பலகையில் வெள்ளிக்கிழமை என்று எழுதிப் போட்டுவிட்டார். முதல் வெள்ளிக்கிழமை தண்ணீர் சுட வைத்து, வெள்ளைத் துணி விரித்து, நகவெட்டிகளைக் கழுவி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்கூட வரவில்லை. வாசலில் கூட்டமாக நின்றார்கள், உள்ளே கால் வைக்கவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். ஆனைக்குட்டத்துக்காரி, பேச்சியம்மாள். திரி செருகும் பிரிவில் அவள் கைக்கு ஈடு கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரியை எடுத்து, ஓட்டைக்குள் விட்டு, ஒரு திருகு திருகிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். அவள் வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

"நர்சம்மா, நீங்க வேதக்காரக, சர்ச்சுக்குப் போறவுக. ஒங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கெழம நகத்த வெட்டுனா வீட்டுல லச்சுமி தங்க மாட்டா. செவ்வாய்க்கெழமையும் ஆகாது."

"அப்ப எந்தக் கெழமதான் ஆகும்?"

"புதன்கெழம வையுங்க. பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாக. நான் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

பலகையில் வெள்ளியை அழித்துப் புதன் என்று எழுதினேன். சொன்னபடி அவள்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மெர்சிக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் ஊற வேண்டும். காய்ந்த நகத்தை வெட்டினால் பிளக்கும். குழந்தைகள் பல் விளக்குகிற மெத்தென்ற பிரஷ்ஷால் நகத்துக்கு அடியில் தேய்க்க வேண்டும். ஊசி, பின், தீக்குச்சி விட்டுக் குடையக் கூடாது. குடைந்தால் நகம் சதையை விட்டு எழும்பும். எழும்பின இடத்தில் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, நகத்தை நேராக வெட்டி, ஓரங்களை மட்டும் அரத்தால் வளைக்க வேண்டும். அரத்தை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் ரம்பம் மாதிரி ஓட்டக் கூடாது. சதை வரை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் வெள்ளை விட வேண்டும். நகம் முளைக்கிற இடத்தில் தோல் வந்து ஒட்டியிருக்கும் மெல்லிய விளிம்பை வெட்டவே கூடாது. அழகுக்காக அதை வெட்டிவிடுகிறவர்களுக்குத்தான் சீழ் பிடிக்கிறது. கடைசியில் ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

இன்னொன்று, வேலைக்குப் போகும் முன் ஈரச் சோப்புக் கட்டியை நகத்தால் பிறாண்டச் சொல்வேன். நகத்துக்கு அடியில் சோப்பு அடைத்துக்கொண்டால் பொடி போக இடமிருக்காது. சாயங்காலம் கழுவினால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஆரம்பத்தில், "நர்சம்மா பூன மாதிரி பிறாண்டச் சொல்லுறாக" என்று சிரித்தார்கள். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் சோப்பெல்லாம் பள்ளமும் மேடுமாக இருக்கும்.

எங்கள் டாக்டர் சங்கரலிங்கம் புதனும் சனியும் வருவார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரவே மாட்டார். அவருக்குப் போட்ட நாற்காலியில் பஞ்சுப் பொட்டலம்தான் உட்கார்ந்திருக்கும். யாராவது உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்காமல், "கையக் குடு" என்பார். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கையைக் கொண்டு போவார். கடிகாரக் கடையில் வைத்திருக்கிற மாதிரி ஒரு லென்ஸ் அவர் பையில் இருக்கும். பார்த்து முடிகிற வரை ஒரு வார்த்தை வராது. வயிற்று வலி என்று வந்தவன்கூடக் கையைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

எல்லாரையும் "வாலே", "போ தாயீ" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். ஒரு தடவை லோடு ஏற்றுகிற ஆள் ஒருவன் நகச்சுற்றோடு வந்தான். விரலில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. பழத்தை எடுத்தால் விரல் பழத்தை விடப் பெரிதாக இருந்தது.

"யாருலே இத சொருகுனது?" என்றார் டாக்டர்.

"எங்க மச்சான்யா."

"அவனக் கூட்டிட்டு வா. அவன் நாக்குல ஒண்ணு சொருகுவோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விரல் மரக்க ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தைத் தூக்கிச் சீழை வெளியே விடும்போது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. ரத்தம் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, கூட வந்த போர்மேன், "நான்தான் சார், லோடு முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்" என்றார்.

டாக்டர் லென்ஸைத் துடைத்தார். "அப்படிங்களா ஐயா? ரொம்ப நல்லதுங்க ஐயா. நாளைக்கு ஒங்க விரல் இப்படி வீங்கும்போது, நானும் என் வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தாங்க ஐயா வருவேன்."

அந்தப் போர்மேன் அதற்குப் பிறகு விரலில் ஒரு முள் குத்தினால்கூட ஆளை அனுப்பிவிடுவார்.

இனி பேச்சியம்மாள் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை அவள் வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு பார்த்தேன். நகத்தின் வேரிலிருந்து நுனி வரைக்கும் பென்சிலால் இழுத்த மாதிரி, பழுப்பும் கறுப்புமாக. பிரஷ் போட்டேன். போகவில்லை.

"மருந்துக் கறைதான நர்சம்மா. தேய்க்காதீக, வலிக்கி."

எங்கள் கம்பெனியில் கறுக்காத நகம் எது? அடுத்த புதனும் ஊற வைத்துத் தேய்த்தேன். மற்ற ஒன்பது நகமும் சங்கு மாதிரி வெளுத்தன. இந்தக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. அவளை நகர விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவர் டியூப் லைட்டை அணைத்தார். வழக்கத்தை விட அதிக நேரம் பார்த்தார். பத்து விரலையும் பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் நகங்களையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம நெறத்துக்கு நகத்துல கோடு விழுறது சாதாரணம்தான். நாலஞ்சு விரல்ல இருந்தா நான் கவலப்பட மாட்டேன். இது ஒத்த விரல்ல இருக்கு. வேர்ப்பக்கம் அகலமா இருக்கு" என்றார். அரத்தால் அந்த நகத்தின் குறுக்கே லேசாக ஒரு கீறல் போட்டார். "தாயீ, இந்தக் கீறல் மேல போகும். கூடவே கோடும் மேல போயி அடியில வெள்ளையாச்சுன்னா அது அடிபட்ட ரத்தமோ கறையோதான். கவலையில்ல. கோடு போகாம நின்னுச்சுன்னா என்கிட்ட வரணும்."

அந்த வாரங்களில் நான் பட்ட பாடு! புதன்கிழமை வரை பொறுக்க முடியாமல், சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "நர்சம்மா எனக்கு ரேக பாக்குறாக" என்று அவள் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கீறல் மேலே ஏறியது. கோடு அதோடு போகவில்லை. வேரிலிருந்து புதிதாக முளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள், நகம் முளைக்கிற இடத்துத் தோலிலும் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு இறங்கியிருப்பதைப் பார்த்தேன். 

டாக்டர் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய்ச் சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார்.

"என்னவா இருக்கும்யா?"

"புத்துநோயா இருக்கலாம் தாயீ. இல்லாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"இருந்தா?"

"விரல் முனைய எடுக்க வேண்டி வரும்."

அவள் கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

சீசன் நேரம். ஆர்டர் குவிந்து கிடந்தது. எனக்கு லீவு கேட்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக ஆனைக்குட்டம் பஸ் ஏறினேன். அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி கொத்தனார் வேலைக்குப் போகிறவர். வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க நர்சம்மா. அவ வேற கம்பெனிக்குப் போறா. இன்னைக்கும் வேல இருக்குன்னு போயிட்டா."

"நகம் எப்படி இருக்கு?"

"எந்த நகம்? பத்து வெரலுக்கும் மருதாணி வச்சிருக்கா. இந்த வயசுல என்ன ஆசடின்னு கேட்டேன்."

அவருக்கு ஒன்றுமே தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. மண்வெட்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எதுக்கு நர்சம்மா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"கையக் காட்டு."

"காட்ட மாட்டேன். கட்டவெரலு இல்லாம நான் எப்படித் திரி செருகுவேன்? சோத்த எப்படி உருட்டுவேன்? வெரலு போனா என்னைய எவன் வேலைக்கு வச்சுக்கிருவான்? நீங்க பாக்காம இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான இருந்தேன்!"

பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கருப்பசாமி, "ஏ, நர்சம்மா ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுறாக" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசி பஸ் போய்விடுமே என்று நான் கிளம்பினேன். வழியெல்லாம் அவள் கேட்டதே ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு நல்லது செய்கிறேனா, இருந்த நிம்மதியையும் பிடுங்குகிறேனா?

புதன்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். "ஏறும்மா, ஆனைக்குட்டம் போவோம்."

டாக்டரைப் பார்த்ததும் பேச்சியம்மாளால் கதவைச் சாத்த முடியவில்லை. முக்காலி எடுத்துப் போட்டாள். ஒரு நோயாளி முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்து, "பேச்சியம்மா, நீங்க கொஞ்சம் கையக் காட்டுங்க" என்றார்.  நீங்க என்கிறாரே, கோபத்தில் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பயம் வந்தாலும் அவருக்கு மரியாதை கூடிவிடும்.

மருதாணிச் சிவப்புக்கு அடியிலும் கோடு தெரிந்தது. தோலில் இறங்கிய கறுப்பு இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது.

"மருந்துல வேல பாத்ததுனால வந்ததாய்யா?" என்று கேட்டார் கருப்பசாமி.

"தெரியாதுப்பா. மருந்தையே தொடாதவங்களுக்கும் இது வருது. எதனாலன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

பேச்சியம்மாள் நின்றபடியே கேட்டாள். "வெரல எடுத்தா உசுரு நிக்குமாய்யா?"

"நிக்கும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. எடுக்கலேன்னா நிக்காது. அத அடிச்சுச் சொல்லுவேன்."

 கருப்பசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க கூட வருவீகளா? கடேசி வரைக்கும்?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.

மதுரையில் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் பயந்ததுதான். கட்டைவிரலின் மேல் கணுவோடு எடுத்துவிட வேண்டும், அக்குளில் கட்டி எதுவும் இல்லை, சீக்கிரம் வந்ததால் நம்பிக்கை இருக்கிறது என்றார்கள். சீசன் என்று பார்க்காமல் லீவு போட்டுவிட்டு அவளோடு போய் வார்டில் இருந்தேன்.

ஆப்பரேஷன் அன்று காலையில் பச்சைத் துணி மாட்டிவிட்டு உட்கார வைத்திருந்தார்கள். முதல் நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போது இரண்டு கையையும் என் மடியில் வைத்தாள்.

"நகம் வெட்டிவிடுங்க நர்சம்மா. இன்னைக்குப் புதன்கெழமதான."

பையில் எப்போதும் நகவெட்டி இருக்கும். வார்டு நர்ஸிடம் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வாங்கினேன். இடது கையில் ஆரம்பித்தேன். சுண்டுவிரல், மோதிரவிரல் என்று நிதானமாக முடித்துவிட்டு வலது கைக்கு வந்தேன். நாலு விரல் முடிந்ததும் நகவெட்டியை மூடினேன். அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

"அத விட்டுட்டீக."

"அது..."

"வெட்டுங்க. இத்தன வருசம் எனக்குச் சோறு போட்டுச்சு. அழுக்கும் அசிங்கமுமாப் போகக் கூடாது."

வலிக்காமல் நுனியை மட்டும் வெட்டினேன். ஓரத்தை அரத்தால் வளைத்தேன். எண்ணெய் இல்லை, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தலைக்குத் தேய்க்க வைத்திருந்த பாட்டிலை நீட்டினாள். ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டேன். பேச்சியம்மாள் அந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள், இடது கையால் ஒரு தடவை மூடிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. பிரசவ வார்டிலும் தீக்காயத்திலும் எத்தனையோ பார்த்தவள் நான். அன்றைக்கு மட்டும் கிண்ணத்தைக் கழுவப் போய்க் குழாயடியிலேயே நின்றுவிட்டேன்.

கம்பெனிக்குத் திரும்பினால் அங்கே வேறொரு கலவரம். விஷயம் தெரிந்து, கறுத்த நகமெல்லாம் புற்றுநோய் என்று பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்கள். அன்று டாக்டர் வரும் நாள். மேனேஜர் ஓடி வந்தார். "டாக்டர், சீசன் நேரம், லோடு நிக்குது. ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருங்க."

"ஐயா, தயவுசெஞ்சு உட்காருங்க" என்று பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார் டாக்டர். "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு நான் ஒவ்வொண்ணாப் பாக்கணும்ல? நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருங்க ஐயா. ஒங்க கையையும் கடைசியாக் காட்டிட்டுப் போகலாம்."

மேனேஜர் உட்கார்ந்தார். நான் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க டாக்டர் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தார். தன் முறை இல்லாத மறுநாளும் வந்து பார்த்தார். வேறு யாருக்கும் அப்படி இல்லை. கறையும், அடிபட்ட ரத்தமும், பூஞ்சைக் காளானும்தான். ஒவ்வொருத்தியும் வெளியே போகும்போது விரலுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு போனாள்.

பேச்சியம்மாள் திரும்பி வந்தாள். வேலைக்கு எவன் வைத்துக்கொள்வான் என்று பயந்தவளுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் இடம் கிடைத்தது. டாக்டர் மேனேஜரிடம் எத்தனை ஐயா போட்டாரோ தெரியாது. திரி வேலைக்கு அவள் திரும்பவே இல்லை. முயற்சி செய்து பார்த்தாள். நடுவிரலை வைத்துத் திருகப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு நாள் திரிக்கட்டை வீசி எறிந்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பிரிவு இருக்கும் பக்கம் போக மாட்டாள். சோற்றை மட்டும் பாதி விரலை வைத்தே உருட்டப் பழகிக்கொண்டாள்.

டாக்டர் சில வருடம் கழித்து மகனோடு கோயம்புத்தூர் போனார். அங்கேயே காலமானார். செய்தி வந்த அன்று நானும் பேச்சியம்மாளும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுந்து வந்தோம்.

விரல் போனதோடு அந்த நோய் விட்டுவிடுகிற ஜாதி இல்லை. பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வரைக்கும் வருவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, நான் ஓய்வு பெற்ற பிறகும் அவளோடு மதுரைக்குப் போய்வருகிறேன். ஒவ்வொரு தடவையும், அக்குளை அமுக்கிப் பார்க்கிற டாக்டர் கை ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

போன மாதம் போனபோது கை நின்றுவிட்டது. சின்னதாக ஒன்று தட்டுப்படுகிறது, ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார் அந்த இளம் டாக்டர். ஸ்கேன் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டுக்காக வராந்தாவில் காத்திருந்தோம். பேச்சியம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன். எழுந்து கதவு வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். கூப்பிட்டதும் நான்தான் முதலில் உள்ளே நுழைந்தேன்.

ஒன்றுமில்லை. சாதாரண நெறிக்கட்டு. கையில் ஏதோ சிராய்ப்பு பட்டதால் வீங்கியிருக்கிறது, தானாகப் போய்விடும் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பேச்சியம்மாள் என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது என்ன கோலம் நர்சம்மா?"

பார்த்தேன். காத்திருந்த நேரத்தில் ஆள்காட்டி விரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் சதை தெரியக் கடித்து வைத்திருந்தேன். ஓரத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. எனக்கே தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் நகம் பாத்தீக. ஒங்க நகத்த யாரு பாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானை நுனியை நனைத்து, ரத்தத்தை ஒற்றி எடுத்தாள், தேய்க்கவில்லை. என் பைக்குள்ளிருந்து நகவெட்டியை எடுத்தாள். அதன் அடிப்பக்கம் பாதி கட்டைவிரலில் பதிய, மேல் தகட்டை ஆள்காட்டி விரலால் அமுக்கினாள். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை, பிசிறாக நின்ற நகம் நேராக வெட்டுப்பட்டது.

நான் எழப் பார்த்தேன். மத்தியான பஸ் போய்விடும், கருப்பசாமி வீட்டில் காத்திருப்பார், ரிப்போர்ட்டை இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.

"பஸ்ஸு அடுத்தது வரும். ஆடாம இருங்க நர்சம்மா" என்றாள் பேச்சியம்மாள். "அடுத்த வெரலக் குடுங்க."